பங்குபோடும் பெட்டி

அறுபதில் தொடங்கும் நடுக்கம்.
ஐம்பதில் இல்லை. எழுபதில் கொஞ்சம் அடங்கும்.
சரியாக அறுபதில்
நிவாவின் மூன்று நெம்புகோல்களும்
குளிரில் பல் கிட்டியதுபோல் கிடுகிடுக்கும்.

தைஸியா ரத்தம் சுமப்பவள்.
வோத்லோசெரோ ஏரிக்கரையின் ஏழு ஊர்களுக்கு
மருத்துவம் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.
செவ்வாய்தோறும் குழாய்களை நீலப் பெட்டியில் அடுக்கி
பூதோஷ் ஆய்வகம்வரை ஓட்டிப்போவாள்.
அக்டோபரில் மட்டும் மூன்று சீட்டு திரும்பிவந்தது:
"மாதிரி சிதைந்துள்ளது. மீண்டும் எடுக்கவும்."
குலுங்கிக் குலுங்கி அணுக்கள் உடைந்து
சீரம் பீட்ரூட் சாறாகியிருந்ததாம்.

"உஸ்தீனியாவின் கையில் நரம்பு தேடியிருக்கிறாயா நீ?
மூன்றாம் தடவை போய்
அதே கையை நீட்டச் சொல்லிப் பார்."

நான் மரம் அறுக்கும் ஆலையில்
ரம்பப் பட்டைகளை முறுக்கேற்றுகிறவன்.
இறுக்கினால் சரியாகும் என்பது
இருபத்தாறு வருடத்துச் சம்பளம் சொன்ன பாடம்.
குழிக்குள் இறங்கினேன்.
தலைக்கு மேலே அந்தப் பெட்டி,
சேறும் எண்ணெயும் சேர்ந்து தோலாகிப்போன இரும்பு.

முன்சக்கரமும் பின்சக்கரமும் பங்காளிகள்.
எஞ்சின் சம்பாதிப்பதை
இருவருக்கும் பிரித்துத் தர வேண்டியது இதன் வேலை.
இரண்டு பக்கமும் தாங்கி, தாங்கிக்கு இரண்டு மரை,
ஆக நாலே நாலு மரையில்
உடம்போடு ஒட்டி நிற்கிறது.

முதல் ஞாயிறு, நாலையும் இறுக்கினேன்.
இரண்டாம் ஞாயிறு, தாங்கிக்கு அடியில் தகடு வைத்து இறுக்கினேன்.
மூன்றாம் ஞாயிறு தகட்டை எடுத்துவிட்டு
குழாய் செருகி ஸ்பேனரை நீட்டி
முழங்கை நோக இறுக்கினேன்.
நடுக்கம் ஐம்பத்தைந்துக்கு இறங்கியது.

"ஆம்புலன்ஸ் ஓட்டும் யெர்மலாய் சொன்னான்,
நாலையும் தளர்த்திவிட்டு
வண்டியை ஓடவிட வேண்டுமாம்."
"உனக்கென்ன மரை கழன்றுவிட்டதா?"
"கழற்றத்தானே சொல்கிறேன், லுக்யான்."

அதற்குமேல் பேச்சில்லை.
இரண்டு அச்சுக்கும் கீழே தேவதாரு உருளைகளை முட்டுக்கொடுத்து
நாலு சக்கரத்தையும் அந்தரத்தில் நிறுத்தினோம்.
புகை போகக் கொட்டகைக் கதவுகளை விரித்துவைத்தேன்.
ஏரியிலிருந்து வந்த காற்றில் முதல் பனியின் நெடி.
நாலு மரையையும் ஒன்றரைச் சுற்றுத் தளர்த்தி
குழியின் மூலைக்கு நகர்ந்து
கைகளை அக்குளுக்குள் பூட்டிக்கொண்டேன்.

அவள் இருக்கையில். நாலாம் கியர்.
"முப்பது."
தண்டுகள் சுழல்வது தெரியாமல் சாம்பல் நிறமாயின.
"நாற்பத்தைந்து."
பெட்டி உறுமியது. தாங்கிகள் தடதடத்தன.
கழன்று தலையில் விழப்போகிறது என்றே நினைத்தேன்.
"அறுபது!"

அப்போது அது நகர்ந்தது.
அதிகமில்லை, ஒரு நகத்தின் தடிமன்.
இடப்பக்கம் போய், பாதி திரும்பி வந்து,
படுக்கையில் புரளும் ஆள்
தலையணையில் குழி கண்டதுபோல்
அங்கேயே கிடந்தது.
தடதடப்பு ஒரு சீரான முனகலாயிற்று.

என் தகடுகள் எல்லாம்
வலப்பக்கத்தில் அல்லவா இருந்தன?

எஞ்சினை நிறுத்தச் சொன்னேன்.
ஒரு மூலை, அதற்கு எதிர்மூலை,
கொஞ்சம் கொஞ்சமாக மரைகளை இருக்கையில் அமர்த்தினேன்.
கடைசி மரையில் கை வழக்கம்போல்
இன்னொரு கால் சுற்றுக்கு ஏங்கியது.
மேலேயிருந்து, பார்க்காமலே,
"போதும்" என்றாள்.

எண்பதைத் தாண்டினால் இப்போதும் ஊளையிடும்.
அது நிவாவின் பிறவிக்குணம், யாரும் தீர்த்ததில்லை.
பின்பக்க சீலில் எண்ணெய் கசிகிறது,
அட்டைத்துண்டு விரித்திருக்கிறேன்.
புதன்கிழமை வந்த சீட்டில் எழுத்தே இல்லை, எண்கள் மட்டும்.
"ஹீமோகுளோபின் நூற்றுப் பதினெட்டு, உஸ்தீனியா.
இல்லை, வர மாட்டேன். ஊசி இல்லை இந்த வாரம்."
போனில் கத்திக்கொண்டிருக்கிறாள், கிழவிக்குக் காது மந்தம்.

பதின்மூன்றாம் நம்பர் ஸ்பேனர்
இன்னும் என் கோட்டுப் பையில்தான்.
கை சும்மா இருக்க மறுக்கும்போது
தேநீர்க் கெட்டிலின் பிடியை
அரைச் சுற்று இறுக்கிக்கொள்கிறேன்.